மெழுகுத் தரையில் ஓர் இருக்கை

லின்கோ தீவு, சிலோயே
ஜூன் 4, 2017

அக்கா,

அன்று படகுத்துறையில் நான் உனக்குப் பதில் சொல்லவில்லை. மழை, காற்று, ஞானஸ்நான விருந்துக்கு வந்த அத்தனை பேரும் துறைக் கொட்டகைக்குள் ஒதுங்கி நின்றார்கள். சால்வையை இறுக்கிக் கட்டுவதற்காகக் குழந்தை மாயித்தேயை ஆட்டுத்தோலின் மேல் ஒரு நிமிடம் கீழே விட்டேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு படகில் ஏறப் போனவள் திரும்பி வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "இடுப்புல வச்சுக்க முடியாதவ எதுக்குடீ பெத்த?" என்றாய். நான் சால்வையைக் கட்டி முடித்தேன். படகு போய்விட்டது.

சொல்லாமல் விட்டவை மூன்று. முதலாவது, போகாதே என்பது. இரண்டாவது, நான் நூலகப் படகு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன் என்பது. மூன்றாவதை இப்போது எழுத மாட்டேன்.

அந்தப் படகு உனக்குத் தெரியும். பெட்டி பெட்டியாகப் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு தீவு தீவாகப் போகும். போகும் இடத்தில் ஊர்க்கூடத்தைத் திறந்து பிள்ளைகளுக்குக் கதை வாசித்துவிட்டு, பெரியவர்களுக்குப் புத்தகம் கொடுத்துத் திரும்ப வேண்டும். அதைச் செய்துவந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். நகராட்சியில் இதைப் பார்த்துக்கொள்கிற தோன் அர்னால்தோ என் விண்ணப்பத்தைப் படித்துவிட்டுக் கேட்டார்: "குழந்தை வரலாம், எனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்ல. ஆனா புத்தகத்தைப் பிடிக்கிற கை எது, குழந்தையைப் பிடிக்கிற கை எது? செப்டம்பர்ல ஒரு நடை வாங்க. நானும் வரேன். பார்ப்போம்." அந்த ஒரு நடை சரியாகப் போகாவிட்டால் காஸ்த்ரோ நகரத்திலிருந்து வேறொரு பெண் வருவாள்.

கட்டின புருஷன் ஓமார் மாதத்தில் பாதி நாள் தெற்கே மீன்பிடிக் கப்பலில் இருக்கிறான். மாயித்தேயை விட்டுவிட்டுப் போக எனக்கு வீடு கிடையாது. படகில் அவளை என் மார்போடு கட்டியிருப்பேன், அதில் பயமில்லை. கூடத்துக்குள் போனபின் எனக்கு இரண்டு கையும் வேண்டும். அதற்காகத்தான் விருந்தில் தரையில் வைக்கிற குழந்தை இருக்கையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன். நீ முழுதும் கேட்காமலே எழுந்துவிட்டாய்.

போனை இரண்டு தடவை நீ எடுக்கவில்லை. அதனால் உருளைக்கிழங்கு மூட்டையோடு இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன். கிழங்கைத் திருப்பி அனுப்ப உனக்கு மனம் வராது. யோசனை கேட்கவில்லை. தெரிவிக்கிறேன், அவ்வளவுதான்.

யாஸ்னா


புந்தா அரேனாஸ்
ஜூன் 21

யாஸ்னா,

கிழங்கு வந்தது. கால்வாசி குளிர்கால உறைபனியில் அடிபட்டிருக்கிறது. மூட்டைக்குள் வைக்கோல் போடவேண்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்?

எனக்கு உன்னைப்போல் எழுத வராது. எழுத்தில் திட்டினால் அது மரியாதையாக மாறிவிடுகிறது. ஆகவே நடுவில் எங்காவது பேசுகிற மாதிரியே வந்தால் பொறுத்துக்கொள்.

தரையில் வைக்கிற இருக்கை என்பது சோம்பேறிகளுக்காகக் கண்டுபிடித்தது. உன்னை நான் இடுப்பில் வைத்துக்கொண்டே விறகு பொறுக்கினேன், கிழங்கு தோண்டினேன், அடுப்பு மூட்டினேன். அம்மா நண்டுத் தொழிற்சாலைக்குப் போய்விட்டால் நான்தான் உனக்குச் சுவர், தொட்டில், எல்லாம். அப்போது எவளும் வந்து "இந்தா ஒரு இருக்கை" என்று நீட்டவில்லை. நீ வளரவில்லையா?

இருந்தாலும் நான் வேலை செய்வது தீர்வையில்லாச் சந்தையில். பக்கத்துக் கடை முழுக்கக் குழந்தைச் சாமான். என் தங்கச்சி ஏதோ ஒரு குப்பையை வாங்கிக்கொண்டு தீவு தீவாக அலைந்தால் எனக்குத்தான் கேவலம். அதனால் இருப்பதிலேயே நல்லதாக ஒன்றை இந்தப் பொட்டலத்தில் வைத்திருக்கிறேன். கெட்டி ரப்பர் நுரை, ஒரே வார்ப்பு, கத்தரிப்பூ நிறம். அடி அகலம், எடை ஒன்றுமில்லை, அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்கலாம். காலுக்கு இரண்டு ஓட்டை இருக்கிறது, குழந்தை நழுவாது. கூடவே நான் பின்னிய கம்பளிக் கால்சட்டை, இரட்டைப் பின்னல். அந்தக் கூடங்களின் குளிர் எனக்குத் தெரியும்.

வாங்கி அனுப்பினேன் என்பதால் ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தமில்லை.

ஓரியெத்தா


லின்கோ
ஜூலை 9

அக்கா,

இருக்கை வந்தது. நன்றி. நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மாயித்தேக்கு நீ பின்னிய கால்சட்டையை மாட்டி உன் இருக்கையில் உட்காரவைத்தேன். ராணி மாதிரி உட்கார்ந்தாள். அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கரண்டியால் மூன்று தடவை தரையைத் தட்டினாள். எனக்கு இரண்டு கையும் சும்மா இருந்தன. அவள் பிறந்ததிலிருந்து அப்படி இருந்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பிறகு தூக்கப் போனேன். இருக்கையும் கூடவே வந்தது.

தொடையில் இரட்டைக் கம்பளி, அதைச் சுற்றி ரப்பர். இழுத்தால் இன்னும் இறுகுகிறது. குழந்தையைத் தூக்கிப்பிடித்தால் கத்தரிப்பூ நிறத்தில் பின்புறம் முளைத்த ஏதோ ஜந்து மாதிரி தொங்குகிறாள். அவளுக்கு ஒரே சிரிப்பு. எதிர்வீட்டு தோஞா ருப்பெர்த்தாவைக் கூப்பிட்டேன். அவர் இருக்கையைப் பிடிக்க, நான் குழந்தையைப் பிடிக்க, "இழு, இழு, வலையா இது இப்படி மெதுவா இழுக்குற!" என்று அவர் கத்த, கடைசியில் மாயித்தே வெறுங்காலோடு என் கைக்கு வந்தாள். கால்சட்டை இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தது. தோஞா ருப்பெர்த்தா மூச்சுவாங்கிக்கொண்டே, "இதைச் செஞ்சவனோட ஊர்ல குளிரே கிடையாதும்மா" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அதில் ஈரம் செய்திருந்தாள். கழுவிக் காயவைத்தேன். எங்கே காயவைப்பேன்? இந்த வீட்டில் எல்லாம் காய்கிற இடத்தில்தான், விறகடுப்புக்குப் பக்கத்தில். வெளியே ஆடுகளுக்குத் தீனி போட்டுவிட்டு வந்து பார்த்தால் முன்பக்கம் இளகித் தொங்கிவிட்டது. கால் ஓட்டைகள் இரண்டும் வெளியே விரிந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கின்றன. ஓமார் வந்து பார்த்துவிட்டு, "பல்லுப் போன கிழவி கொட்டாவி விடுற மாதிரி இருக்கு" என்றான். ஓரங்களைக் கத்தியால் மழித்துச் சீராக்கிக் கொடுத்தான். ஆனால் அதில் குழந்தையை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நீ திட்டுவாய். திட்டு.

யாஸ்னா


புந்தா அரேனாஸ்
ஜூலை 25

அடியே,

திட்டுகிறேன். ரப்பர் நுரையை அடுப்புப் பக்கத்துல வைப்பாளா ஒருத்தி? இத்தனை புத்தகம் படிச்சு என்ன பிரயோஜனம்?

கால்சட்டையை விட்டுவிட்டுக் குழந்தை வந்த இடத்தைக் கடையில் வாசித்துக் காட்டினேன். பக்கத்துக் கடைப் பெண் சிரித்துச் சிரித்துக் கல்லாவின் மேல் சாய்ந்துவிட்டாள். சிரித்து முடித்தபின் அவள் கேட்டாள்: "நாம விக்கறப்போ குழந்தைக்குக் கோடைச் சட்டையோடதானே அளவு பார்க்கிறோம்?" உண்மைதான். இந்தக் குளிர்பிடித்த புந்தா அரேனாஸிலேயே இருந்துகொண்டு எனக்கு இது தோன்றவில்லை.

ஆகவே இப்போது முறையாகப் பார்க்கிறேன். மாயித்தே எடைக்கு உன் கிழங்கை ஒரு பையில் கட்டினேன். அதற்கு ஒரு கம்பளிக் கால்சட்டை, ஒரு குல்லாய். கடையில் எல்லோரும் அதை மாயித்தே என்றே கூப்பிடுகிறார்கள். மதியச் சாப்பாட்டு வேளையில் ஒவ்வொரு இருக்கையிலும் மாயித்தேயை வைத்து, எடுத்து, சாய்த்து, தள்ளிப் பார்க்கிறோம். ஒருத்தர் வாங்க வந்து, "இந்தப் பொம்மை என்ன விலை?" என்று கேட்டார்.

இந்தத் தடவை காற்றடிக்கிற இருக்கை. கால் ஓட்டை பெரிது, கம்பளியோடு சுலபமாக வெளியே வருகிறது. காற்றை இறக்கினால் கைக்குட்டை மாதிரி மடியும்.

இதையும் அடுப்புப் பக்கத்தில் வைத்தாய் என்று தெரிந்தால் நானே கிளம்பி வந்து உன்னை அடுப்புப் பக்கத்தில் வைப்பேன்.

ஓரியெத்தா


லின்கோ
ஆகஸ்ட் 13

அக்கா,

அடுப்பருகில் வைக்கவில்லை. அடுப்புக்கு எதிர்மூலையில் வைத்தேன்.

ஒரு ஒத்திகை பார்க்கலாம் என்று நம் ஊர்க்கூடத்தில் பெண்களைக் கூப்பிட்டு, நடுவில் மாயித்தேயைக் காற்று இருக்கையில் வைத்து, நின்றுகொண்டு வாசித்தேன். பெண்கள் என்றால் கையில் பின்னல் இருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். யோசிக்கவில்லை. தோஞா ருப்பெர்த்தா கதையின் விறுவிறுப்பான இடத்தில் ஊசியை நழுவவிட்டார். உஸ் என்று ஒரு சத்தம். மாயித்தே யாரையும் குற்றம்சொல்லாத முகத்தோடு, நிமிர்ந்தபடியே, கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்கு இறங்கினாள். "கப்பல் முழுகும்போது கேப்டன் இப்படித்தான் நிப்பாராம்" என்று யாரோ சொன்னார்கள். ஒட்டுப்போட்டுப் பார்த்தேன். போட்ட ஒட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை.

மாதம் ஒருமுறை வருகிற செவிலியரிடமும் கேட்டேன். அவர் தெளிவாகச் சொன்னார்: "தலையை நல்லா நிறுத்திட்டா, இனி உட்காரலாம். முட்டி ரெண்டும் அகலமா விரிஞ்சிருக்கணும், நெருக்கக் கூடாது. எப்பவும் தரையிலதான், மேசை மேல வேண்டாம். அங்கேயே உட்கார்த்தி வச்சுடாதீங்க, நடுநடுவுல கீழ விட்டுப் புரளவிடுங்க. இருக்கை உட்காரக் கத்துக்கொடுக்காது, கொஞ்ச நேரம் கையை ஓய்வாக்கும். அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க." நான் அதற்கு மேல் எதிர்பார்க்கவே இல்லை, அக்கா. கொஞ்ச நேரம்தான் கேட்கிறேன்.

இளகிப்போன கத்தரிப்பூ இருக்கையைப் படகோட்டி தோன் கலிஸ்தோ கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நூலகப் படகை ஓட்டுகிறவரும் அவர்தான். சுக்கான் பக்கத்தில் அதை வைத்து, ஒரு கால் ஓட்டையில் வெந்நீர் தெர்மாஸையும் இன்னொன்றில் மாத்தே இலைத்தேநீர்க் குடுவையையும் நிறுத்தியிருக்கிறார். "கொட்டுறதே இல்ல தெரியுமா, அலை எவ்வளவு அடிச்சாலும்" என்று துறைக்கு வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுகிறார். ஒருவருக்காவது உபயோகப்பட்டதே.

செப்டம்பர் நெருங்குகிறது. சில நாள் காலையில் எழும்போது நீ சொன்னதுதான் சரியோ என்று தோன்றுகிறது. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். பக்கத்தைத் திருப்ப முகவாயைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. தோன் அர்னால்தோவுக்குக் கடிதம் எழுதி விலகிக்கொள்ளலாம் என்று காகிதம்கூட எடுத்துவிட்டேன்.

யாஸ்னா


புந்தா அரேனாஸ்
ஆகஸ்ட் 29

யாஸ்னா,

அந்தக் காகிதத்தை அடுப்பில் போடு. அதை மட்டும் அடுப்பில் போடலாம்.

நான் சரி என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அன்றைக்குக் கடையை அடைத்துவிட்டுக் கடற்கரை ஓரமாக நடந்தே வீட்டுக்குப் போனேன். விருந்தில் அப்படிப் பேசியதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் நீ முகவாயால் பக்கம் திருப்புவதை நான் சகித்துக்கொள்ள மாட்டேன்.

பொட்டலத்தில் இருப்பது மடக்கு இருக்கை. துணியும் உலோகக் கம்பியும். விரித்தால் நாலு கால் அகலமாகப் பரவும், மடக்கினால் குடை மாதிரி தோளில் மாட்டலாம். ஓட்டை கிடையாது, முன்னால் ஒரு பட்டை மட்டும். முட்டி விரிந்திருக்கும், உன் செவிலியர் கேட்டபடி. ஊசி குத்தினால் ஒன்றும் ஆகாது, நானே குத்திப் பார்த்தேன். அடுப்புக்குப் பக்கத்திலும் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றினேன், காய்ந்தது. பலகையைச் சாய்த்து வைத்து, கிழங்கு மாயித்தேயை அதில் உட்காரவைத்து, பக்கத்துக் கடைப் பெண்ணை உலுக்கச் சொன்னேன். கவிழவில்லை. கடைத் தரையில், சிமெண்டில், நடைபாதைக் கல்லில், படகுத்துறையின் ஈரப் பலகையில், எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்துவிட்டேன். காவலாளி வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். "என் தங்கச்சிக்கு வேலை தேடுறேன்" என்றேன்.

இந்தத் தடவை எதையும் விட்டுவைக்கவில்லை. போய் ஜெயித்துவிட்டு வா.

ஓரியெத்தா


லின்கோ
செப்டம்பர் 17

அக்கா,

ஒன்றை விட்டுவிட்டாய்.

நடை கெத்ரு தீவுக்கு. விடிந்ததும் கிளம்பினோம். மாயித்தே என் மார்போடு, உன் மடக்கு இருக்கை தோளில், புத்தகப் பெட்டிகள் தார்ப்பாய்க்கு அடியில், தோன் அர்னால்தோ கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தபடி. தீவுகளுக்கு இடைப்பட்ட கடலில் நல்ல அலை. அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. தோன் கலிஸ்தோ ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் மாத்தே ஊற்றி, "குடிங்க, குடிங்க, வயிறு நிக்கும்" என்று நீட்டினார். தோன் அர்னால்தோ வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

கெத்ரு பெண்கள் கூடத்து வாசலில் வரிசையாக நின்றிருந்தார்கள். நாங்கள் உள்ளே போகுமுன்பே வாசனை வந்து சேர்ந்தது. அக்கா, மெழுகு. நூலகப் படகு வருகிறது, நகராட்சி ஐயா வருகிறார் என்று கூடத்துத் தரை முழுக்கச் சிவப்பு மெழுகு பூசித் தேய்த்து, தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்கி வைத்திருந்தார்கள். செருப்பை, பூட்ஸை எல்லாம் வாசலிலேயே கழற்றச் சொன்னார்கள். அந்தக் கூடத்தைத் தாங்குகிற தூண்கள் கடல் பக்கம் கொஞ்சம் இறங்கி, தரை சரிந்திருப்பது உனக்கு ஞாபகம் இருக்கும்.

இருக்கையை விரித்தேன். மாயித்தேயை வைத்துப் பட்டையைப் போட்டேன். பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். புத்தகத்தைத் திறந்து முதல் வரியை வாசித்தேன். இரண்டாவது வரியில் பிள்ளைகள் என்னைப் பார்க்காமல் கீழே பார்த்தார்கள். மாயித்தே போய்க்கொண்டிருந்தாள்.

மெதுவாகத்தான். உன் இருக்கையின் நாலு உலோகக் கால்களும் மெழுகின் மேல் சத்தமே இல்லாமல் வழுக்க, காலால் ஒரு உந்து உந்திவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, கூச்சல் போட்டுச் சிரித்தபடி கடல் பக்கமாகப் பயணம் போனாள். சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தோன் அர்னால்தோவின் காலுறையில் போய் முட்டி நின்றாள்.

அவர் குனிந்து பார்த்து, "முதல் வாசகி வந்துட்டாங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. கெத்ரு பெண்களில் மூத்தவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, நாங்க பூசினதுதானே! நேத்து முழுக்க முட்டி தேயத் தேய்ச்சோமே! கொடும்மா, குழந்தையை நான் வச்சுக்கிறேன், நீ வாசி."

தோன் அர்னால்தோ மறுத்துத் தலையசைத்தார். கெட்ட மனதோடு அல்ல. "வச்சுக்க ஆள் இருக்கிற தீவுல சரிதாம்மா. எல்லாத் தீவுலயும் இருப்பாங்களா?"

அவர் சொன்னது நியாயம். அந்த மூத்த பெண் கையை நீட்டியபடி நின்றார். நான் கொடுத்திருந்தால் அத்தோடு வேலை போயிருக்கும். கொடுக்காவிட்டால் என்ன செய்வதென்றும் தெரியவில்லை. பிள்ளைகள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஜன்னல் வழியாகத் துறையில் படகு தூக்கித் தூக்கிப் போடப்படுவது தெரிந்தது. சுக்கான் பக்கத்தில் தோன் கலிஸ்தோ குனிந்து தனக்கு மாத்தே ஊற்றிக்கொண்டிருந்தார்.

காலையிலிருந்து அத்தனை அலையில் அந்தத் தெர்மாஸ் ஒரு தடவைகூடச் சாயவில்லை. படகின் ஈரமான, எண்ணெய் படிந்த தரையில் அது இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை.

"ஒரு நிமிஷம் பிடிங்க" என்று மாயித்தேயை, மூத்த பெண்ணிடம் அல்ல, தோன் அர்னால்தோ மடியில் வைத்தேன். காலுறையோடு மழையில் ஓடினேன்.

"தோன் கலிஸ்தோ, அதைக் கொடுங்க!"

"எதை?"

"இருக்கையை!"

"என் தண்ணி சூடா இருக்கும்மா! இப்பத்தான் ஊத்தினேன்!"

"முட்டிக்கு நடுவுல வச்சுக்குங்க!"

"பதினஞ்சு குதிரைச் சக்தி படகுக்கு நான் கேப்டன்" என்று என் முதுகுக்குப் பின்னால் கத்தினார். "முட்டிக்கு நடுவுல தெர்மாஸாம்!"

வாசலில் அதை என் பாவாடையால் துடைத்தேன். கத்தரிப்பூ நிறம் வெளுத்து, மாத்தே இலை ஒட்டி, முன்பக்கம் பிளந்து, பார்க்க அவமானமாக இருந்தது. நடுக்கூடத்தில் வைத்தேன். இளகி விரிந்த அந்த ஓட்டைகளில் உன் இரட்டைக் கம்பளிக் கால்சட்டையோடு மாயித்தேயின் இரண்டு தொடையும், இடித்துக்கொள்ளாமல், இறுகாமல், முட்டி அகலமாக விரிந்து, அளவெடுத்துச் செய்தது மாதிரி போய் உட்கார்ந்தன. தூக்கிப் பார்த்தேன். இருக்கை கூட வரவில்லை. திரும்ப வைத்தேன்.

தோன் அர்னால்தோ எழுந்து வந்தார். காலால் இருக்கையை ஒரு தள்ளு தள்ளினார். நகரவில்லை. குனிந்து கையால் தள்ளினார். ரப்பர் மெழுகை அப்படியே கவ்விக்கொண்டிருந்தது. வழுக்கியது அவர்தான். நாலு அங்குலம் பின்னால் போய்ப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

நான் வாசித்தேன், அக்கா. நிமிர்ந்து நின்று, இரண்டு கையாலும் புத்தகத்தைப் பிடித்து வாசித்தேன். அது பக்கத்தைத் திறந்தால் கப்பலும் திமிங்கலமும் எழுந்து நிற்கிற புத்தகம். இரண்டு கையாலும் விரித்தால்தான் திமிங்கலம் முழுதாக எழும். முழுதாக எழுந்தது. பிள்ளைகள் "ஓ" என்றார்கள். மாயித்தேயும் இருக்கையின் ஓரத்தை ஈறால் கடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள். கதை முடிந்ததும் அவளை ஆட்டுத்தோலில் புரளவிட்டேன். பிறகு திரும்ப உட்காரவைத்துவிட்டுப் புத்தகம் கொடுத்தேன். கெத்ருவில் புத்தகம் வாங்காமல் போனவர் யாருமில்லை. பெட்டி காலி.

திரும்பும்போது தோன் அர்னால்தோ மாத்தே வாங்கிக் குடித்தார். "அக்டோபர் முதல் வாரத்திலிருந்து கிளம்புறீங்க" என்றார். பிறகு தோன் கலிஸ்தோவின் முட்டிகளைப் பார்த்துவிட்டு, "இந்தக் கலர்ல இன்னொண்ணு கிடைக்குமான்னு உங்க அக்காவைக் கேளுங்க. கேப்டன் கஷ்டப்படுறாரு" என்றார்.

நீ முதலில் தேர்ந்தெடுத்ததுதான் சரியானது. நான் அடுப்பருகே வைத்ததும் சரியானது. இரண்டு பேரில் ஒருவர் மட்டும் இருந்திருந்தால் அந்த இருக்கை இல்லை.

இப்போது மூன்றாவதைச் சொல்கிறேன். அன்று படகுத்துறையில் நீ பையை வலது தோளில் மாட்டியிருந்தாய். உனக்கு எப்போதும் இடது பக்கம் கொஞ்சம் சரிந்தே இருக்கும், பை மாட்டினால் நேராகிவிடும். நீ இடுப்பு என்று சொன்னபோது நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை வைத்திருந்த பக்கம் அது. அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா வேலைக்குப் போனாள், நீ பள்ளிக்கூடத்தை விட்டாய். நான் இத்தனை புத்தகம் படித்தது உன் இடுப்பில் உட்கார்ந்துதான். மாயித்தேயை யாராவது ஒரு பெண் இடுப்பில் சுமந்துகொண்டு, தன் புத்தகத்தை மூடிவைக்கக் கூடாது என்பதற்காகத்தான் தரையில் ஓர் இருக்கை கேட்டேன். உன்னைக் குறைசொல்ல அல்ல. உன்னால்தான்.

யாஸ்னா


புந்தா அரேனாஸ்
அக்டோபர் 2

அடியே யாஸ்னா,

மெழுகு! முட்டி போட்டு நம் ஊர்க்கூடத்தை நான் எத்தனை தடவை தேய்த்திருக்கிறேன்! ஞானஸ்நானத்துக்குத் தேய்த்தேன், கல்யாணத்துக்குத் தேய்த்தேன், பாதிரியார் வந்தால் தேய்த்தேன். ஊரை விட்டு வந்தால் மெழுகும் மறந்துபோகுமா? சிமெண்டில் வைத்துப் பார்த்தேனே, கல்லில் வைத்துப் பார்த்தேனே, என் மண்டையில் வைத்துப் பார்க்கவில்லையே!

கடையில் முழுதும் வாசித்துக் காட்டினேன். திமிங்கலம் எழுந்த இடத்தில் காவலாளியும் வந்து நின்றுவிட்டார். பக்கத்துக் கடைப் பெண் அந்தக் கத்தரிப்பூ இருக்கையின் அட்டைப் பெட்டியைக் கண்ணாடி ஜன்னலில் வைத்து, மேலே எழுதிவிட்டாள்: கடல் அலையிலும் சாயாதது.

கிழங்கு மாயித்தேயை நேற்றுச் சமைத்துச் சாப்பிட்டோம். குல்லாயைக் கழற்றும்போது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

கடைசிப் பகுதியைக் கடையில் வாசிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து தனியாகப் படித்தேன். பதில் எழுத எனக்கு வராது. ஒன்று மட்டும். உன்னைச் சுமந்தது எனக்குக் கனமாக இருந்ததே இல்லை. பள்ளிக்கூட மணி அடிக்கும்போது மட்டும் கனமாக இருந்தது. அன்றைக்குத் துறையில் எனக்குக் கேட்டது அந்த மணி. அதை உன் மேல் கொட்டிவிட்டேன்.

இங்கே கடை முடிந்தபின் பெரியவர்களுக்கு மாலைப் பள்ளி நடக்கிறதாம். காவலாளி போகிறார். "உங்க தங்கச்சி லெட்டரை இவ்ளோ நல்லா வாசிக்கிறீங்க, வாங்களேன்" என்கிறார். முப்பத்தாறு வயதில் பெஞ்சில் போய் உட்காருவதா? அதற்கு யார் இருக்கை பார்த்துக் கொடுப்பார்கள்?

கேப்டனுக்கு இன்னொன்று இந்தப் பொட்டலத்தில். அடுப்புப் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுக் கொடு.

அக்கா


லின்கோ
அக்டோபர் 20

அக்கா,

இருக்கை நான் பார்த்துத் தருகிறேன். முன்வரிசை, ஜன்னலோரம். இந்தப் பொட்டலத்தில் உருளைக்கிழங்கு இல்லை. ஏழாம் வகுப்புப் புத்தகங்கள், நூலகப் படகிலிருந்து, உன் பெயரில் எழுதிக் கொடுத்தது. திருப்பித் தரவேண்டிய தேதி போடவில்லை.

யாஸ்னா


புந்தா அரேனாஸ்
டிசம்பர் 14, 2018

யாஸ்னா,

மாயித்தே படகின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் வந்தது. கண்ணாடி ஜன்னலில் ஒட்டியிருக்கிறேன். மார்ச்சில் மாலைப் பள்ளியில் சேர்ந்தேன். இன்று முடிவு வந்தது. ஏழும் எட்டும் சேர்த்து எழுதியதில் இரண்டிலும் தேறிவிட்டேன். ஜனவரியில் வருகிறேன்.

ஓரியெத்தா